7.2 வேணுமா 3.3 போதுமா? முதல்ல வீட்டு எர்த்தைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல எலக்ட்ரிக் கார் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். ரேஞ்ச் எம்புட்டு, விலை எம்புட்டு, டச் ஸ்க்ரீன் எத்தனை இஞ்சுன்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா வாங்கப் போற ஆளு ஷோரூம்ல மண்டையைப் பிச்சுக்கிற ஒரு விஷயம் பத்தி ஒரு வரி கூட இல்ல. எந்த சார்ஜர் எடுக்குறது, 3.3 கிலோவாட்டா 7.2 கிலோவாட்டா? நாங்க போன வருஷம் இதே குழப்பத்துல மூணு வாரம் வீட்டுல சண்டை போட்டோம், அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, எர்த் (கசியுற கரண்ட மண்ணுக்குள்ள எறக்கி விடுற வயர்) பத்தி எழுதுன பாராவ மட்டும் வெட்டிறாதீங்க.

நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர், வீடு காளவாசல் பக்கம். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர்னு தேனி ரோட்டுல டெய்லி போக வர 70 கிலோமீட்டர். கார்ல பேட்டரி 35 யூனிட். ஷோரூம்ல டேப்லெட்ட வச்சுக்கிட்டு ஒரு தம்பி, "மேடம் 3.3 எடுத்தா ஸ்லோ, 7.2 எடுத்துருங்க, 50,000தான் கூட"ன்னு சொன்னாரு, எங்க வீட்டுக்காரரு உடனே "வெரசா ஏறும்ல, எடுத்துருவோம்"னுட்டாரு. பைக் வாங்குனப்பவும் இப்படித்தான், பெரிய சைலன்சர் வேணும்னு நின்ன மனுசன்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், இந்த 7.2ங்கறது சுவத்துல மாட்டுற பெட்டியா, இல்ல வண்டிக்குள்ள இருக்கறதா? அந்தத் தம்பிக்கு பதில் தெரியல. மேனேஜர் வந்தாரு, அவரும் சுத்தி வளைச்சுப் பேசுனாரே ஒழிய நேரா சொல்லல. இதுலதான் பாதிப்பேர் ஏமாறுறாங்கன்னு நெனைக்கிறேன். வீட்டு கரண்ட் ஏசி, பேட்டரிக்குப் போறது டிசி, நடுவுல மாத்திக் குடுக்குற மெஷின் வண்டிக்குள்ளயே இருக்கு, அதுக்குப் பேரு ஆன்போர்டு சார்ஜர். அது 3.3 கிலோவாட்னா நீங்க சுவத்துல 7.2 பெட்டி மாட்டுனாலும் 22 மாட்டுனாலும் 3.3தான் ஏறும். குழாய் அரை இஞ்சா இருக்கறப்ப டேங்க்கை பெருசு பண்ணி என்ன பிரயோஜனம். சுவத்துப் பெட்டிய இன்னைக்கும் வாங்கலாம் அஞ்சு வருஷம் கழிச்சும் வாங்கலாம், வண்டிக்குள்ள இருக்கறத சாதாரணமா பின்னாடி மாத்த முடியாது. அதனால வாங்குற அன்னைக்கு முடிவு பண்ண வேண்டியது ரெண்டுதான், உள்ள இருக்குற சார்ஜர் எத்தனை கிலோவாட், டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் வாய் (வெளிய சார்ஜிங் ஸ்டேஷன்ல நேரா பேட்டரிக்கே டிசி ஏத்துற எடம்) இருக்கா இல்லையா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி வேற விக்கிறான். 2022ல டாடாவோட டியாகோ இவி வந்தப்ப அதே பெரிய பேட்டரிக்கு 3.3 ஒரு விலை, 7.2ன்னா 50,000 கூட. மஹிந்திரா பிஇ 6 வந்தப்ப சுவத்துல மாட்டுற சார்ஜர் விலைய தனியா வச்சாங்க, 7.2க்கு 50,000, 11.2க்கு 75,000. எம்ஜி காமெட் மாதிரி சின்ன வண்டில டிசியே கெடையாது, ஏசி மட்டுந்தான். விளம்பரத்துல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை, ஃபாஸ்ட் சார்ஜிங். 7.2 ஏசியும் ஃபாஸ்ட்டாம், 50 கிலோவாட் டிசியும் ஃபாஸ்ட்டாம். டவுன் பஸ்ஸும் வைகை எக்ஸ்பிரஸும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

சரி எங்க கணக்குக்கு வரேன். 70 கிலோமீட்டர் போனா எனக்கு 10 யூனிட் செலவாகுது, ஏசி போட்டு நிதானமா ஓட்டுனா. சார்ஜர்ல சூடா வீணாப் போறதையும் சேத்தா சுவத்துல இருந்து 11 யூனிட் எடுக்கணும். 3.3ன்னு பேருதான், நம்ம வோல்டேஜுக்கு 2.8, 2.9தான் உண்மையில வரும். அப்பக்கூட நாலு மணி நேரத்துல முடிஞ்சிருது. ராத்திரி 11 மணிக்கு சொருகுனா மூணு மணிக்கெல்லாம் ஃபுல், நான் எந்திரிக்கிறது அஞ்சு மணிக்கு, நடுவுல ரெண்டு மணி நேரம் வண்டி சும்மா நிக்குது. 7.2 எடுத்திருந்தா ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சு நாலரை மணி நேரம் சும்மா நின்னிருக்கும். அந்த ரெண்டு மணி நேரத்த நாலரையாக் கூட்டிக் குடுக்கறதுக்கு 50,000 ரூபாயா? இதை நோட்டுல எழுதிக் காமிச்சப்புறந்தான் வீட்டுக்காரரு அடங்குனாரு. பேட்டரி கிட்டத்தட்ட காலியாகி வந்தாத்தான் 3.3ல பன்னெண்டு, பதிமூணு மணி நேரம் போல ஆகும், அது எனக்கு வருஷத்துல நாலு தடவ நடக்கும்.

ஆனா எல்லாருக்கும் 3.3 போதும்னு சொல்ல வரல. எங்க தெருவுல ஒரு தம்பி வாடகைக்கு ஓட்டுறாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துட்டு ஆறு மணிக்கு ஏர்போர்ட் ட்ரிப், அவருக்கு 7.2 இல்லாட்டி பொழப்பு ஓடாது. ஒரே வீட்டுல ரெண்டு எலக்ட்ரிக் கார் இருந்தாலும் அப்படித்தான்.

7.2 வேணும்னா இன்னொன்னு பாக்கணும். அது 32 ஆம்பியர் இழுக்கும். எங்க வீடு சிங்கிள் ஃபேஸ், மோட்டரு, ஏசி, ஹீட்டரு ஒண்ணாப் போட்டாலே ட்ரிப் ஆகும். ஈபில லோடு கூட்டி த்ரீ ஃபேஸா மாத்தணும், டெபாசிட் கட்டணும், மீட்டர்ல இருந்து பார்க்கிங் வரைக்கும் கனமான 6 ஸ்கொயர் வயர் இழுக்கணும். த்ரீ ஃபேஸ் வாங்குனாலும் 7.2 சார்ஜர் அதுல ஒரே ஒரு ஃபேஸ்ல இருந்துதான் எடுக்கும், அந்த ஃபேஸ்ல வேற கனமானது எதுவும் இல்லாம பிரிச்சு விடச் சொல்லணும். மூணு ஃபேஸையும் சேத்து எடுக்கறது 11 கிலோவாட் வகைதான்.

இப்ப எர்த் கதை. வண்டி டெலிவரிக்கு ஒரு வாரம் முன்னாடி, பக்கத்துல எல்லாருக்கும் வேலை பாக்குற எலக்ட்ரீசியன் அண்ணன கூப்ட்டு 16 ஆம்பியர் சாக்கெட் ஒண்ணு போடச் சொன்னேன். அவரு ஹோல்டர்ல குண்டு பல்ப மாட்டி ரெண்டு வயர் விட்டு வச்சிருக்காரு, அதான் அவரோட டெஸ்ட் லேம்ப். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வச்சா பளிச்சுன்னு எரியுது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வச்சா உள்ள கம்பி மட்டும் மொளகாப்பழம் மாதிரி லேசா செவக்குது, அம்புட்டுதான். அண்ணன் ஒண்ணும் பேசாம வயரப் புடிச்சுக்கிட்டே வீட்டச் சுத்திப் பின்னாடி போனாரு. எங்க மாமனாரு வீடு கட்டுனப்ப எர்த் வயர போர்வெல்லுல இருந்து வர்ற இரும்புக் குழாய்ல க்ளாம்ப் போட்டுக் கட்டியிருக்காரு. அந்தக் குழாய் துருப்புடிச்சுப் போச்சுன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி பிளாஸ்டிக் பைப் மாத்துனோம். பிளம்பர் அந்த எர்த் வயர அத்து, ஒழுங்கா சுருட்டி, ஒரு ஆணில தொங்கவிட்டுட்டுப் போயிருக்காரு. பத்து வருஷமா எங்க வீட்டு எர்த் ஆணில தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஃப்ரிட்ஜ தொட்டா சுர்ருங்குதுன்னு எங்க அத்தை சொன்னப்பல்லாம் வயசாயிருச்சு, உடம்புல சத்தில்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். இப்ப நெனைச்சாலும் வயித்தக் கலக்குது.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் எர்த் இல்லாட்டியும் ஓடும். கார் சார்ஜர் ஓடாது. சொருகுன உடனே அதுவே எர்த்த செக் பண்ணும், சரியில்லன்னா செவப்பு லைட் எரிஞ்சு அப்படியே நின்னுரும். நெறைய பேர் சார்ஜர் கோளாறுன்னு ஷோரூமுக்கு தூக்கிட்டு ஓடுறாங்க, கோளாறு அவங்க வீட்டுக் கொல்லையில இருக்கும். அண்ணன் முருங்க மரத்துக்குப் பக்கத்துல குழி தோண்டி, பைப் எறக்கி, அடுப்புக்கரியும் கல் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடி, தண்ணி ஊத்துனாரு. கோடையில வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு கொடம் ஊத்துங்கன்னாரு, எங்க அத்தை இப்ப துளசிக்கு ஊத்துற மாதிரி அதுக்கும் ஊத்துறாங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் ஒண்ணரைதான் காமிச்சுச்சு. எர்த் குழி, மீட்டர்ல இருந்து தனியா 4 ஸ்கொயர் வயர், லோடு கூடுனா கட்டாகுற எம்சிபி ஒண்ணு, ஆளுக்கு ஷாக் அடிச்சா டக்குனு கட்டாகுற ஆர்சிசிபி, கூலி எல்லாம் சேத்து 14,000 ஆச்சு. 7.2க்கு வச்சிருந்த 50,000த்துல மிச்சம் 36,000.

அந்த மிச்சத்துல நான் விடாப்பிடியா வாங்குனது டிசி வாய். பேஸ் மாடல்ல டிசி இல்ல, அடுத்த மாடல்ல இருந்துச்சு. இதுக்கு காரணம் எங்க நாத்தனார். அவங்க டவுனுக்குள்ள ஓட்டத்தானேன்னு டிசி இல்லாத சின்ன கார் வாங்குனாங்க, டவுனுக்கு அது அருமையான வண்டி, மேலமாசி வீதியில நம்ம ஸ்விஃப்ட் கார விட அதுக்குத்தான் எடம் கெடைக்கும். ஒரு தடவ ஆசைப்பட்டு ராமேஸ்வரம் போனாங்க, 170 கிலோமீட்டர், போய்ச் சேர்றப்ப 8 பெர்சன்ட். லாட்ஜுல கெஞ்சிக் கூத்தாடி ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சொருகுனாங்க. மறுநாள் காலைல பாத்தா பாக்ஸ் ஒரு பக்கம் உருகி வடை மாதிரி ஆயிப்போச்சு, ஏறுனது 40 பெர்சன்ட். டிவிக்கும் செல்லுக்கும் போடுற பாக்ஸ் அது, 12, 13 ஆம்பியர ராத்திரி முழுக்க தாங்குமா? நல்லவேளை தீப்புடிக்கல. எக்ஸ்டென்ஷன்ல மட்டும் சொருகவே கூடாதுங்க, வீட்டுலயும் சரி வெளியூர்லயும் சரி.

கொடைக்கானல் போறதுன்னாலும் டிசி வேணும். எங்க ஸ்டாஃப் ரூம்ல பிசிக்ஸ் சார் போர்டுலயே போட்டுக் காமிச்சாரு, ஆளுகளோட சேத்து 1,650 கிலோ வண்டி, வத்தலக்குண்டுல இருந்து மேல ஏற 1,800 மீட்டர், பெருக்கிப் பாத்தா உயரத்துக்கு மட்டுமே 8 யூனிட். மதுரையில இருந்து அங்க போற 120 கிலோமீட்டருக்கு ரோட்டுக்கு 17, மலைக்கு 8, ஆக 35ல 25 காலி. எறங்குறப்ப பிரேக் புடிக்கறதுல கொஞ்சம் திரும்ப ஏறும், ஆனா முழுசா இல்ல. நடுவுல ஒரு தடவ டிசில போட்டாத்தான் நிம்மதி. 80 பெர்சன்ட் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறிரும், அதுக்கு மேல நத்தை மாதிரி போகும், 80ல எடுத்துட்டு கெளம்பிரணும், பின்னாடி நிக்கிறவன் சாபத்தையும் வாங்க வேணாம். நான் போட்ட எடங்கள்ல யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல ஆச்சு, அதனால இது வழிப்பயணத்துக்குத்தான், டெய்லிக்கு வீடுதான். ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்லயும் முன்கூட்டி காசு போடணும், என் போன்ல இப்ப ஆறு ஆப்ல நூறு நூறா மாட்டிக்கிட்டு கெடக்கு.

கரண்ட் பில்லையும் மறைக்காம சொல்லிர்றேன், ஏன்னா இலவச 100 யூனிட் இருக்கே, கார் சும்மா ஓடும்னு நெனைக்கிறவங்க இருக்காங்க. முன்னாடி ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் வரும், ஆயிரத்து சொச்சம் கட்டுவோம். இப்ப 880. 500 தாண்டுன உடனே ஸ்லாப் மாறி மேல மேல ஏறும், பில்லு 5,600 போல வருது. காருக்குன்னு பாத்தா கூடுன 500 யூனிட்டுக்கு 4,500, அதாவது யூனிட் 9 ரூபா, கிலோமீட்டருக்கு ஒண்ணரை ரூபாய்க்குள்ள. பழைய பெட்ரோல் வண்டில இதே 3,150 கிலோமீட்டருக்கு 21,000 போட்டோம். லாபந்தான், ஆனா சும்மா இல்ல. 7.2ல போட்டாலும் 3.3ல போட்டாலும் யூனிட் ஒண்ணுதான், வேகமா ஏத்துனா பில்லு கொறையும்னு எங்க வீட்டுக்காரரு மாதிரி யாராச்சும் நெனைச்சா அது தப்பு.

அபார்ட்மென்ட்காரங்க பாடு தனி. எங்க கூட வேலை பாக்குற டீச்சரு ஒருத்தங்க மூணாவது மாடி, பார்க்கிங்ல பாயின்ட் போட செக்ரட்டரி விடவே மாட்டேங்குறாரு, தீப்புடிக்குமாம். 2022லயே மத்திய மின்சார அமைச்சகம் வீட்டுல இருக்குற கனெக்ஷன்லயே சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம்னு வழிகாட்டுதல் குடுத்திருக்கு, அதை பிரின்ட் எடுத்துக் காமிங்கன்னு சொல்லியிருக்கேன். தமிழ்நாடு அரசோட 2023 மின்வாகனக் கொள்கையில மதுரையும் முன்னோடி நகரம் ஆறுல ஒண்ணு. பேரு வாங்கியாச்சு, அபார்ட்மென்ட் செக்ரட்டரி வரைக்கும் அந்தச் சேதி வந்து சேரலையே.

ஷோரூம்ல விலைப் பட்டியல்ல வண்டிக்குள்ள சார்ஜர் இத்தனை கிலோவாட், டிசி உண்டு, இல்லன்னு ரெண்டு வரி தமிழ்ல எழுதிப் போடச் சொல்லி உங்க பேப்பர் ஒரு செய்தி போட்டா நல்லாருக்கும். கூடவே எர்த் பத்தி நல்ல எலக்ட்ரீசியன் ஒருத்தர்கிட்ட பேட்டி எடுத்துப் போடுங்க, கார் வாங்காதவங்களுக்கும் அது ஆகும்.

இன்னொரு சின்ன விஷயம். நீங்க போடுற நாளைய மின்தடை பட்டியல எங்க வீட்டுல இப்ப ராசிபலனுக்கு முன்னாடி படிக்கிறோம். ஆனா எழுத்து ரொம்பப் பொடி. போன மாசம் எங்க ஏரியா பேரு மடிப்புல மாட்டிக்கிச்சு, கவனிக்கல, சனிக்கிழமை பகல்ல சொருகலாம்னு இருந்துட்டேன், காலைல போன கரண்ட் சாயங்காலந்தான் வந்துச்சு, கல்யாணத்துக்கு பஸ்ல போனோம். அந்தப் பட்டியல மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
காளவாசல், மதுரை.