மகனின் பந்தும் படிப்பும்

திருகோணமலை

அன்பின் ரவி,

கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கொழும்பு உதைபந்தாட்டக் கழகமொன்றின் அழைப்பு வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பு, பின்னேரம் ஏகாம்பரம் மைதானம், இடையில் கொழும்பில் மச், இது சரிவருமா என்று கேட்டிருக்கிறாய். சரிவரும். ஆனால் முதலில் மணிக்கணக்கை எழுதிப் பார்க்க வேணும்.

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, ஒப்படை, தனியே இருந்து படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். செமஸ்டருக்கு 15 கிரெடிட், 15 கிழமை என்று பார்த்தால் கிழமைக்கு 50 மணித்தியாலம். பயிற்சியும் மச்சும் போக்குவரத்தும் 18. நித்திரை நாளுக்கு 8 படி 56. கிழமையின் 168இல் மிஞ்சுவது 44. சாப்பாடு, உடுப்புத் தோய்ப்பது, நிலாவெளி பஸ்ஸுக்குக் காத்து நிற்பது எல்லாம் அதற்குள்தான். ஊரில் ஆடும் கிழமையைச் சமாளித்துவிடலாம். கொழும்பு போய்வரும் கிழமையில் முழுதாக இரண்டு நாள் போய்விடும். அந்த இழப்பைப் பிள்ளைகள் நித்திரையைக் குறைத்துத்தான் பிடிப்பார்கள். அதற்கு இடம் கொடாதே. நவம்பர் தொடங்கி மாரி மழையில் மைதானம் தண்ணியாய்க் கிடக்கும்போது, அடுத்த பாடங்களின் முதல் நாலைந்து அலகுகளை வாசித்து முடிக்கச் சொல்லு.

விரிவுரை வரவு விசயத்தில்தான் கூடுதலான பிள்ளைகள் விழுகிறார்கள். பரீட்சை எழுத 80 வீதம் வேணும். கிழமைக்கு ஒரு விரிவுரை உள்ள பாடத்தில் மொத்தம் 15. 12க்கு இருக்க வேணும், 3தான் விடலாம். இந்த மூன்றையும் மச்சுக்கென்று வைத்துக்கொள்ள வேணும். சும்மா அலுப்பில் ஒன்றை விட்டால் பிறகு காய்ச்சல் வந்தாலும் கஷ்டம். போட்டிக்குப் போகும்போது கழகத்தின் கடிதத்தை உடற்கல்விப் பிரிவு வழியாகப் பீடத்துக்கு முன்கூட்டியே கொடுக்கட்டும். திகதி, பாடக் குறியீடு, தவறும் செய்முறை மூன்றும் அதில் இருக்க வேணும். போய்வந்த பிறகு கொடுக்கும் கடிதத்துக்குப் பெறுமதி குறைவு. பரீட்சையைத் தவறவிட்டு ரிப்பீட் எழுதினால் பொதுவாக சி தரத்துக்கு மேல் கிடையாது. அது பட்டத்தின் வகுப்புச் சித்தியையே கீழே இழுத்துவிடும்.

பரீட்சைக் காலத்தில் பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டாம். மூன்று கிழமை கதிரையில் இருந்துவிட்டு நேரே மச்சில் முழு வேகத்தில் ஓடினால் தொடையின் பின்தசை கிழியும். வேகமாக ஓடும்போது கால் முன்னே வீசி நீளும் கணத்தில் அந்தத் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. ஓடாமல் இருந்தால் அந்தப் பலம் கெதியாய்க் குறையும். கிழமைக்கு இரண்டு தரம், உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் 11+ என்ற காயத் தடுப்புப் பயிற்சியைச் செய்தாலே போதும்: 15 அசைவு, 20 நிமிடம். அதோடு நாலைந்து வேக ஓட்டம். கச்சான் என்ற வெக்கையான தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் 3 மணி வெயிலில் ஓட வேண்டாம், 4.45க்குத் தொடங்கட்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடல் எடையை நிறுத்துப் பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர் தண்ணி, கொஞ்சம் உப்போடு, ஆறுதலாகக் குடிக்கச் சொல்லு.

இனி ஒப்பந்தம். எழுத்தில் ஒப்பந்தமும் செலவுக்கு மேலான ஊதியமும் இருந்தால்தான் ஃபிஃபா விதிப்படி தொழில்முறை வீரன். வாய்ப்பேச்சில் ஆடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனென்றாலும் அமெச்சூர்தான். ஒரு பருவத்தில் மூன்று கழகங்களில் பதியலாம், ஆனால் இரண்டுக்குத்தான் போட்டியில் ஆடலாம். அதனால் அவசரப்பட்டுப் பதிவுப் படிவத்தில் ஒப்பமிட்டால் ஒரு வாய்ப்பு வீணாய்ப் போகும். சம்பளத் திகதி, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, தங்குமிடம், பரீட்சை நாட்களில் விடுப்பு, இவை நாலும் எழுத்தில் வரவேணும். பரீட்சை விடுப்பை எழுதித் தரத் தயங்கும் கழகம் பரீட்சை வரும்போதும் விடத் தயங்கும், என் எண்ணம் அது.

வளாகத்தை விட்டுவிடுவது பற்றி மட்டும் கதைக்காதே. கட்டாயமென்றால் ஒரு வருட இடைநிறுத்தத்துக்கு எழுத்தில் அனுமதி கேட்கலாம். சும்மா போகாமல் நின்றால் பதிவே இல்லாமல் போகும்.

ஒப்பந்தத்தின் பிரதியை ஒப்பமிட முதல் எனக்கு அனுப்பு. சேர்ந்து ஒவ்வொரு வரியாய் வாசிப்போம்.

அன்புடன்,
குமார்