தீபாவளிக்கு மறுநாள் எடை பார்க்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த எடை மிஷினை விட்டு இறங்கு. ஒரே நாளில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டதா? அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, அன்றாடத் தேவை போக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒன்றரை கிலோவுக்கு 11,500க்கு மேல். நாள் முழுக்கப் பலகாரம் கொறித்தாலும் அவ்வளவு எட்டாது. மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜன் என்ற சேமிப்பாகத் தங்கும்போது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்சரிலும் இருக்கும் உப்பு தன் பங்குக்குத் தேக்கும். சில நாளில் தானே வடிந்துவிடும்.

கோளாறு அதிரசத்தில் இல்லை. "சரி, டயட் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பாத்துக்கலாம்" என்று டப்பாவோடு உட்காருகிறாயே, அங்கேதான். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், மில்க்‌ஷேக் குடிக்கவைத்துவிட்டு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். வாயைக் கட்டாதவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். வழக்கமாக வாயைக் கட்டுகிறவர்களோ கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்தது, இனி எவ்வளவு தின்றால் என்ன என்ற கணக்கு.

நேற்றுக்குப் பரிகாரமாக இன்று காலைப் பட்டினி கிடக்காதே. நான்கு மணிக்குப் பசி காதை அடைக்கும், ராத்திரி மறுபடி டப்பா திறக்கும். வழக்கம்போல இட்லி, சாம்பார் சாப்பிடு. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வயிற்றுக்குப் போகட்டும்.

மிச்ச அதிரசத்தைப் பரணில் ஒளிக்க வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடு. அடுப்படியில் நின்றபடி "பாதிதானே" என்று பிய்த்தால் நான்கு போனதே தெரியாது. ஆரம்பத்தில் சில நாள் இரண்டு மூன்றாகப் போகலாம். பயந்துபோய் மறுபடி தடை போட்டால் ஆசை முதலிலிருந்து ஏறும். (சர்க்கரைக்கு மருந்து எடுப்பவளாக இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்.)

கலோரி ஆப்பையும் மூடிவை. ஒரு கரண்டி சாம்பாரில் உன் அம்மா எத்தனை சொட்டு எண்ணெய் விட்டாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? 212 என்று காட்டுவது பாவனை.

சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாய், பேதி மாத்திரை போடுகிறாய், மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் இந்தக் கடிதம் போதாது. அது நோய், சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பார். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசலாம்.