புருவத்தை வெளுக்க நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தலைமுடிக்கு பிரவுன் நிறம் போட்ட பிறகு புருவம் மட்டும் கன்னங்கரேலென்று தனியாகத் தெரிகிறது, ப்ளீச் போட பயமாக இருக்கிறது, வீட்டிலேயே வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். கூடவே நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் என்று கண்ணுக்குப் பக்கத்தில் எதையெல்லாமோ பூசிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், முடியின் நிறம் எங்கே இருக்கிறது என்று பார். ஒவ்வொரு முடியின் மேலும் செதில் செதிலாக ஓர் உறை உண்டு. அதற்கு நிறம் கிடையாது. நிறத்தைத் தரும் மெலனின் துகள்கள் அந்த உறைக்கு உள்ளே இருக்கின்றன. கருப்பையும் அடர் பிரவுனையும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் ஃபியோமெலனினிலிருந்து வருகின்றன. முடி உண்மையாகவே வெளுக்க வேண்டுமென்றால், ஏதாவது ஒன்று அந்த உறையைத் தாண்டி உள்ளே போய் மெலனினைச் சிதைக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு செய்வது அதைத்தான். அது உள்ளே போக வழிவிடுவதற்காக அம்மோனியா மாதிரி ஒரு காரப் பொருளையும் சேர்க்கிறார்கள். உள்ளே போகாத எதுவும் முடியின் மேலேயே நின்றுவிடும்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்: ப்ளீச் இல்லாமல் கருப்புப் புருவ முடியை பிரவுனாக மாற்ற முடியாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பிரவுனாக, மென்மையாகத் தெரியும்படி செய்ய முடியும். உனக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வழிகளைச் சொல்வதற்கு முன் அந்த வீடியோ விஷயங்களை முடித்துவிடலாம். எனக்கு அதிகம் கவலை தந்தது எலுமிச்சை. சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்காரச் சொல்கிறார்கள். எலுமிச்சை வகைப் பழங்களில் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தோலில் அது பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாளில் சிவந்து, எரிந்து, சிலருக்குக் கொப்புளமும் வரும். தோல் மருத்துவர்கள் இதை ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்பார்கள். கொப்புளம் ஆறினாலும் அந்த இடத்தில் படியும் கருமை மாதக்கணக்கில் இருக்கலாம். புருவத்தை வெளுக்கப் போய், புருவத்துக்குக் கீழே கருப்புப் பட்டை வந்து நிற்கும். தலைமுடியில் தடவுவது வேறு. புருவத்தில் தடவினால் சாறு தோலில் படாமல் இருக்கவே முடியாது. போதாக்குறைக்கு அதன் பிஎச் அளவு 2 முதல் 2.5 வரை, அதாவது கடுமையான அமிலம். கண்ணில் ஒரு சொட்டு வழிந்தாலே போதும், துடித்துப்போவாய்.

கெமோமில் என்ற பூவில் போடும் தேநீர் ஆபத்து குறைந்தது, ஆனால் உனக்குப் பயன் இல்லை. அந்தப் பூவில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் முடியின் மேல் லேசாகப் படியும். ஏற்கெனவே பொன்னிறமாக இருக்கும் முடியில் அது தெரியும், கருப்பில் தெரியாது. பூக்களால் அலர்ஜி வருபவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். தேனில் தண்ணீர் கலந்தால் மிகச் சிறிதளவு பெராக்சைடு உருவாகும் என்பது உண்மை. அந்த அளவு உன் புருவத்தை அசைக்காது. பேக்கிங் சோடாவும் டூத்பேஸ்ட்டும் தோலை உரசி எரிச்சல்தான் தரும், நிறத்தைத் தொடாது.

அடுத்தது மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவத்தானே விற்கிறார்கள், இதில் என்ன என்று கேட்டிருந்தாய். நீ பயந்து விலகி வந்த ப்ளீச்சில் வேலை செய்வதே அந்தப் பெராக்சைடுதான். பாட்டில் வேறு, பொருள் ஒன்று. பஞ்சில் நனைத்துப் புருவத்தில் வைத்தால் அது வழியும், வழிந்தால் கண்ணுக்குள் போகும், கருவிழியைப் புண்ணாக்கலாம். அது ஒருபுறம் இருக்க, கருப்பு முடியில் யூமெலனின் முதலில் கரைந்து சிவப்பும் ஆரஞ்சும்தான் மிஞ்சும். நீ கேட்கும் மெல்லிய பிரவுன் அங்கே கிடைக்காது. முகத்துக்கு என்று விற்கும் க்ரீம் ப்ளீச்சிலும், அம்மோனியா இல்லை என்று பெரிய எழுத்தில் போட்ட ஹேர் கலர்களில் பெரும்பாலானவற்றிலும் இதே பெராக்சைடு உண்டு. 'ஹெர்பல்' என்ற எழுத்தை நம்பாமல் பின்பக்கம் இருக்கும் பொருள் பட்டியலைப் படி. துணிக்குப் போடும் ப்ளீச்சைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: அது சோடியம் ஹைப்போகுளோரைட், முடியையே கரைத்துவிடும். முகத்தின் அருகே கொண்டுபோகாதே.

தலைக்குப் போட்டதில் மிச்சமான டையைப் புருவத்தில் தடவலாமா என்ற கேள்விக்கும் வேண்டாம் என்பதே பதில். 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஒரு இமைச் சாயம் விற்றார்கள். அதில் பாராஃபெனிலீன்டையமின் என்ற சாய வேதிப்பொருள் இருந்தது. இன்றும் பல அடர்நிற ஹேர் டைகளில் இருப்பது அதுதான். அதைப் பூசிக்கொண்டதால் பார்வை இழந்த பெண்கள் உண்டு. அழகுசாதனப் பொருட்களையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தச் சம்பவங்களும் ஒரு காரணம். ஹேர் டை பெட்டிகளில் புருவத்துக்கும் இமைக்கும் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

சரி, இப்போது செய்யக்கூடியவை.

முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக நின்று புருவத்தைப் பார். பலருக்குப் புருவத்தைக் கருப்பாகக் காட்டுவது முடி இல்லை, தினமும் போடும் கருப்புப் பென்சில்தான். நீயும் கருப்புப் பென்சில்தான் போடுகிறாய் என்றால் அதை நிறுத்து. சாம்பல் கலந்த பிரவுன் பென்சில் ஒன்று போதும். அதையும் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும், முடி போலச் சின்னச் சின்னக் கோடாக இழு. செம்பிரவுன் வாங்காதே, கருப்பு முடிக்கு நடுவே அது துரு மாதிரி எட்டிப்பார்க்கும்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் நிறமுள்ள ஐப்ரோ ஜெல். என் கணக்கில் இருக்கிற வழிகளிலேயே நல்லது இதுதான், ஏனென்றால் இது முடியைச் சுற்றி நிறத்தைப் போர்த்துகிறது, ராத்திரி கழுவினால் போய்விடுகிறது, பிடிக்கவில்லை என்றால் எந்த நஷ்டமும் இல்லை. நிறமில்லாத ஜெல்லை வாங்கிவிடாதே. ஈரமும் பளபளப்பும் முடியை இன்னும் கருப்பாகக் காட்டும் (விளக்கெண்ணெய் தடவினாலும் அப்படித்தான்). உன் புருவத்தைவிட ஒரு நிலை, மிஞ்சினால் இரண்டு நிலை வெளிறிய பிரவுன் போதும். அதற்கு மேல் போனால் மாவு பூசியது போலாகிவிடும். பிரஷ்ஷில் வழிந்து நிற்கும் ஜெல்லை டிஷ்யூவில் துடைத்துவிட்டு, முதலில் முடி வளரும் திசைக்கு எதிராக, வால் பக்கத்திலிருந்து மூக்குப் பக்கம் மெதுவாக இழு. முடியின் அடிப்பக்கத்தில் அப்போதுதான் நிறம் ஏறும். பிறகு மேல்நோக்கிச் சீவி, வழக்கமான திசையில் படிய வை. நிறம் போதவில்லையா, காயவிட்டு இன்னொரு மெல்லிய பூச்சு கொடு. ஒரேயடியாகத் திட்டாகப் பூசினால் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும்.

ஜெல் கைவசம் இல்லாத நாளில் கன்சீலரை வைத்தே சமாளிக்கலாம். சுத்தமாகக் கழுவிக் காயவைத்த பழைய மஸ்காரா பிரஷ், பளபளப்பு இல்லாத கன்சீலர் அல்லது ஃபவுண்டேஷன் கொஞ்சம். நேராகப் புருவத்தில் வைக்காமல் புறங்கையில் தடவி, பிரஷ்ஷின் நுனியில் மட்டும் எடுத்து முடியின் மேல் லேசாக ஓட்டு. தோலில் பட்டதைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்துவிட்டு, மேலே துளி பவுடர். வியர்த்தால் நிற்காது, அதனால் புகைப்படத்துக்கு ஓகே, நாள் முழுக்க வெளியே சுற்றப்போகிறாய் என்றால் வேண்டாம்.

நிறத்தைத் தொடாமலேயே வெளிறச் செய்ய இன்னொரு வழியும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. புருவம் கருப்பாகத் தெரிவதில் அடர்த்திக்கும் பெரிய பங்கு உண்டு. முடியை மேல்நோக்கிச் சீவிப் பிடித்து, மேல்கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை மட்டும் சின்னக் கத்தரியால் வெட்டு. ஒன்றின் மேல் ஒன்று விழுந்த முடி குறைந்து, இடையிடையே தோல் தெரிய ஆரம்பித்தாலே முகம் மென்மையாகிவிடும். அதிகமாக வெட்டிவிட்டாலும் கவலைப்படாதே, சில வாரங்களில் வளர்ந்துவிடும். ஆனால் நடுவில் இருக்கும் முடியைப் பிடுங்கி மெலிய வைக்காதே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அங்கே முடி வராமலேயே போய்விடலாம்.

உன் தோழி பார்லரில் புருவத்துக்கு டின்ட் (சாயம்) போட்டுக்கொண்டு, ரொம்பக் கருப்பாகிவிட்டது என்று அழுததாக எழுதியிருந்தாய். அவளிடம் சொல், தோலில் ஏறிய கறை சில நாளில் போய்விடும், முடியில் ஏறியது சில வாரங்களில் மங்கும். அதுவரை தினமும் ராத்திரி எண்ணெய் கலந்த க்ளென்சரால் மெதுவாகத் தடவி, சாதாரண ஃபேஸ்வாஷால் கழுவினால் கொஞ்சம் சீக்கிரமே மங்கும். ஸ்க்ரப் போட்டுத் தேய்க்க வேண்டாம். புருவம் எரிந்தாலோ வீங்கினாலோ மட்டும் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்.

புதிதாக எந்த ஜெல் வாங்கினாலும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடு. விசேஷத்துக்கு முந்தின நாள் வாங்கி அன்றைக்கே பரிசோதிக்காதே. த்ரெடிங் செய்த அன்று எதையும் பூசாமல் தோலுக்கு ஓய்வு கொடு.

தலைமுடியைவிடப் புருவம் ஒன்றிரண்டு நிலை கருப்பாக இருப்பது எனக்குப் பிடிக்கும், முகத்துக்கு ஒரு தெளிவு தரும். புது நிறத்துக்கு உன் கண் இன்னும் பழகவில்லை என்றும் தோன்றுகிறது. ஜெல் வாங்குவதற்கு முன் எந்த மேக்கப்பும் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எந்த பிரவுன் சரியாக வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா