முதலில் நட்சத்திரம், அப்புறம் டெலஸ்கோப்

தம்பி சரவணனுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுண்ட் (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழன்று நட்சத்திரத்தைத் தொடரும் தாங்கி), 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்), கேமரா, லேப்டாப். எல்லாம் நல்ல சாமான்தான். இவற்றை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதே.

கோத்தகிரி சுமார் 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மவுண்டின் அச்சைத் திருப்பி வைக்க வழக்கமாகப் பார்க்கும் துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் அவ்வளவுதான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறக்குறைய அந்த உயரம். உன் வீட்டுக்கு வடக்கே நிற்கும் சில்வர் ஓக் மரங்களே அதை மறைத்துவிடும். அதைப் பார்க்காமலும் மவுண்டின் அச்சைச் சரிசெய்யலாம். ஆனால் தினமும் சாமானை வெளியே தூக்கி வைத்து அதைச் செய்து முடிப்பதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவிடும்.

இதே 11 பாகை ஊட்டி பக்கத்து முத்தோரையில் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பைக் கட்டியவர்களுக்குச் சாதகமாகிப்போனது. வடக்கு தெற்காக அதே அளவு சரியும் ஒரு மலையைத் தேடிப்பிடித்து, 530 மீட்டர் நீளக் கருவியை அதன்மேல் கிடத்தினார்கள். அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பி, வானில் ரேடியோ அலை வரும் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். உனக்கும் எனக்கும் அப்படி மலை கிடைக்காது!

என் யோசனை, ஒளி மாறும் நட்சத்திரங்களை எடுத்துக்கொள். அதிலும் மெதுவாக மாறுகிறவை. மீரா என்ற நட்சத்திரம் சுமார் 332 நாளில் பிரகாசமாகி, மங்கி ஒரு சுற்று முடிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரிகிற நிலையிலிருந்து 9ஆம் பொலிவெண் வரைக்கும் மங்கும் (பொலிவெண் என்பது பிரகாசத்தின் அளவு; எண் கூடக்கூட மங்கல்). பொலிவெண் தெரிந்த இரண்டு அண்டை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிட்டு, தேதி, நேரத்தோடு எழுதிவை. வாரம் ஒரு தடவை போதும். இரண்டு பருவமழையும் நனைக்கிற மலையில், மேகம் பத்து நிமிடம் விலகினால் முடிகிற வேலைதான் ஒத்துவரும். 1911இல் தொடங்கிய ஒரு அமெரிக்கச் சங்கம் இத்தகைய மதிப்பீடுகளை உலகெங்கும் அமெச்சூர்களிடமிருந்து சேர்க்கிறது.

சென்னை வானாய்வகத்தில் இருந்த ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் அது உதிப்பதே இல்லை. இங்கே தெற்கே 15 பாகை வரை ஏறுகிறது. மீரா பழகியபின் அதைத் தேடு.

இதற்கு வேண்டியது 10x50 பைனாகுலரும் 8 அங்குல டாப்சோனியனும்தான் (எளிய மரத் தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடி டெலஸ்கோப்). டாப்சோனியனின் குவியத்தூரம் பொதுவாக 1200 மி.மீ.; 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகே வைக்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும். பைனாகுலரை முதலில் வாங்கு. மீரா பிரகாசமாக இருக்கும் மாதங்களில் டெலஸ்கோப் தேவையே இல்லை, அதில் பார்த்தால் கண் கூசும்.

நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வை. குளிர்ந்த கருவியை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் வெளியிலேயே மூடிவிடு, இல்லாவிட்டால் உள்ளே வந்ததும் கண்ணாடி வியர்க்கும்.

கேமராவைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம். எனக்குப் படம் எடுப்பதில் அவ்வளவு ஆசை கிடையாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்