வலது கையைக் கேளு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு ராத்திரி

டேய் சேகரு,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு. மின்ட் அண்ணன் உன்னை விசாரிச்சாரு, அந்தப் பழைய கணக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்கச் சொன்னாரு. சரி, விஷயத்துக்கு வரேன்.

அந்தப் படுவேக மெட்டல் இசை, த்ராஷ் பத்தி, "த்ராஷ்ல முதல் ஆல்பம்னா மெட்டாலிகாவோட 'கில் எம் ஆல்'தான், மத்ததெல்லாம் பின்னாடி வந்த கூட்டம்"னு ஒரே வரியில எழுதி முடிச்சிட்டே. அதே பக்கத்துல, உன் பையன் அதைப் போட்டு கிட்டார் வாசிக்கிறான், மணிக்கட்டு வலிக்குதுங்கிறான்னும் எழுதியிருக்கே. இது ரெண்டும் வேற வேற இல்லடா. ரெண்டுலயும் நீ கம்பியை அடிக்கிற வலது கையைக் கவனிக்கல.

தேதின்னு பார்த்தா நீ சொல்றது சரி. மெட்டாலிகா 1983 ஏப்ரல் 11 அன்னிக்கு அவங்க கிட்டார்காரன் டேவ் முஸ்டேனை அனுப்பிட்டு, எக்ஸோடஸ் பேண்டுல இருந்து கிர்க் ஹாமெட்டைக் கூட்டிட்டு வந்து, மே மாசம் ராச்செஸ்டர்ல பதிவு பண்ணி, ஜூலை 25ல வெளியிட்டாங்க. பத்துப் பாட்டுல நாலுல முஸ்டேன் பேர் இருக்கு, அவன்தான் பின்னால மெகாடெத்தை ஆரம்பிச்சவன். லீட், அதாவது தனி கிட்டார் வாசிக்கிற ஹாமெட், எக்ஸோடஸை ஆரம்பிச்ச ஆளுங்கள்ல ஒருத்தன். ஆக, நீ தலையில வெச்சு ஆடுற ஆல்பத்துக்குள்ளயே இன்னும் ரெண்டு பேண்டு உக்காந்திருக்கு. எக்ஸோடஸோட 'பாண்டட் பை பிளட்' 1985 ஏப்ரல்ல வந்ததால அது லேட்டுன்னு நீ சொல்லுவே. அதை கலிஃபோர்னியாவுல கொட்டாட்டிங்கிற ஊர்ல 1984 கோடையிலயே பதிவு பண்ணி முடிச்சிட்டாங்க. தலைப்பு மாறி, அட்டை மாறி, கம்பெனியோட இழுபறியில மாசக்கணக்குல கிடந்துச்சு. அதுக்குள்ள கேசட்டுக்குக் கேசட் காப்பி எடுத்துக் கை மாத்தி ஊரெல்லாம் கேட்டுட்டாங்க.

ஆனா தேதிக்காக நான் சண்டை போடல. ஹெட்ஃபோன் மாட்டி ரெண்டையும் அடுத்தடுத்து கேளு. 'கில் எம் ஆல்'ல இடது காதுலயும் வலது காதுலயும் ரிதம், அதாவது பாட்டைத் தாங்குற அடி கிட்டாரை வாசிக்கிறது மெட்டாலிகாவோட ஹெட்ஃபீல்டு ஒரே ஆளு. ஒரே கை ரெண்டு தடவை வாசிச்சதால சவரக்கத்தி மாதிரி ஒட்டி நிக்குது. அது பெரிய வித்தைதான், ஒத்துக்கறேன். எக்ஸோடஸ்ல கேரி ஹோல்ட்டு ஒரு பக்கம், ரிக் ஹூனோல்ட்டு ஒரு பக்கம், ரெண்டு மனுஷனோட ரெண்டு வலது கை. ஒரே ரிஃபைத்தான், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரியைத்தான் வாசிக்கிறாங்க, ஆனா ஒருத்தனோட அடி இன்னொருத்தனோட அடிமேல அச்சா உக்காராம மயிரிழை முன்னப்பின்ன விழுது. 'பிரான்யா' பாட்டுல அந்த உரசல்தான் உன்னைச் செவுத்துல தள்ளுற மாதிரி வருது. ஒரு ஆளு எத்தனை தடவை வாசிச்சு ஒட்டினாலும் அது கிடைக்காது.

அப்புறம் எக்ஸோடஸ் பாடகன் பால் பாலாஃப். அவனுக்குச் சுருதியே கிடையாதுன்னு நீ பத்து வருஷமா சொல்றே. கானாவுல என்னைக்குடா சுருதி பார்த்தே? ராத்திரி முழுக்க நடக்கிற மரண கானாவுல பாடுறவன் கடைசி வரியை விட்டதும் சுத்தி உக்காந்திருக்கிறவங்க மொத்தமா எடுப்பாங்களே, பாலாஃப் பாட்டும் அந்த ஜாதிதான். அவன் ஒரு வரி கத்துறான், கூட்டம் பதில் கத்துது. 2008ல எக்ஸோடஸே 'பாண்டட் பை பிளட்'டை 'லெட் தேர் பி பிளட்'னு வேற பாடகரை வெச்சு மறுபடி பதிவு பண்ணாங்க. ஒலி சுத்தம், குரல் பலம், டிரம் ஒவ்வொரு அடியும் தெளிவு. பாலாஃப் 2002லயே போயிட்டான், அவனோட அந்தக் கூட்டமும் அதுல இல்ல. பையனுக்குத் தவறிப்போய் அதைப் போட்டுடாதே.

மத்தவங்களைப் பத்தியும் கேட்டிருந்தே. ஸ்லேயரோட 'ஷோ நோ மெர்சி'யில டிரம் ஏன் ஒரு மாதிரி தனித்தனியா கேக்குதுன்னா, டிரம்மர் லொம்பார்டோ சிம்பலை (அந்தப் பித்தளைத் தட்டை) விட்டுட்டு முதல்ல டிரம்மை மட்டும் வாசிச்சு, சிம்பலை அப்புறமா மேல சேர்த்தாங்க. கை பாதி வேலையை நிறுத்தி வாசிச்சும் அந்த வேகம் வந்திருக்கு பாரு. எனக்கு 'பாண்டட் பை பிளட்'டுக்கு அடுத்து அதுதான் ரெண்டாவது இடம். மெகாடெத்தோட முதல் ஆல்பத்தை 1985ல வந்த ஒலியில கேட்டா சேத்துல புதைஞ்ச மாதிரி இருக்கும். அதுல டிரம் வாசிச்ச சாமுவெல்சனும் கிட்டார் வாசிச்ச போலண்டும் ஜாஸ்ல இருந்து வந்தவங்க, அதனால தாளம் நேரா நடக்காம சறுக்கிச் சறுக்கிப் போகும். அதுல 'மெக்கானிக்ஸ்' கேட்டுட்டு உடனே 'கில் எம் ஆல்'ல இருக்கிற 'ஃபோர் ஹார்ஸ்மென்' கேளு. ஒரே ரிஃபு. மெட்டாலிகா நிதானப்படுத்தி நடுவுல ஒரு பகுதி சேர்த்தாங்க, முஸ்டேன் கோவத்தோட விரட்டுறான். ஆந்த்ராக்ஸ் முதல் ஆல்பம் எனக்கு வேணாம், அவங்க நிஜமா தொடங்கினது ரெண்டாவதுலதான். டெத் ஏஞ்சல் அஞ்சு பேரும் சொந்தக்காரப் பசங்க, முதல் ஆல்பம் பதிவு பண்ணும்போது டிரம் வாசிச்சவனுக்கு வயசு 14. பையன்கிட்ட இதை மட்டும் கண்டிப்பா சொல்லு. 'எண்ட்லெஸ் பெயின்' போட்ட கிரியேட்டர் ஜெர்மனியில எஸ்ஸன் ஊர்க்காரங்க, அப்போ அது நிலக்கரி ஊரு. மீஞ்சூர் ரயில்ல அத்திப்பட்டு தாண்டும்போது கரி வேகன் வரிசையைப் பார்த்துக்கிட்டே அதைக் கேட்டா, அந்தக் கிட்டார் ஏன் அவ்வளவு கரகரன்னு இருக்குன்னு விளக்கமே வேணாம்.

இப்ப மணிக்கட்டு. கொஞ்சம் பயமாவே இருக்குடா, விளையாட்டா எடுத்துக்காதே. விரல் மரத்துப் போச்சுன்னா அன்னிக்கே கிட்டாரை வெக்கச் சொல்லு, ஒரு வாரத்துல சரியாகலன்னா டாக்டர்கிட்ட காட்டு. 'கில் எம் ஆல்'ல வர்ற 'விப்லாஷ்' நிமிஷத்துக்கு 200 அடிகிட்ட போகுது. அதை முதல் நாளே துரத்தினா எல்லாரும் தோளையும் முன்கையையும் இறுக்கிடுவாங்க. தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 90ல வை. ஒரு அடிக்கு ரெண்டு வீச்சு, எல்லாமே டவுன் ஸ்ட்ரோக்கு, அதாவது மேல இருந்து கீழ மட்டும், அஞ்சு நிமிஷம். கை இறுகலன்னா மட்டும் மறுநாள் 4 ஏத்து. கம்பியை மீட்டுற சில்லு இருக்கே, அந்தப் பிக்கு நுனி கம்பியைத் தாண்டி ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, ஆழமாப் போனா மாட்டும், மாட்டினா கை இறுகும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறைஞ்ச பிக்கு வளைஞ்சுக்கிட்டு நேரத்தைத் தின்னும். உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ்மேல, அதாவது கம்பி உடம்புல உக்கார்ற கட்டைமேல, சரியா உக்காரணும். முன்னால நகர்ந்தா சத்தம் கட்டையாச் செத்துப்போகும், பின்னால போனா கம்பி அலறும்.

கேலப்புக்கு, அதாவது குதிரை ஓட்டம் மாதிரி வர்ற அடிக்கு, தனிப் பாடம் வேணாம். "தா, கிட, தா, கிட"ன்னு வாயால சொல்லச் சொல்லு, வாயில வந்தது கையில வரும். தலைகீழ் கேலப்புன்னா "கிட தா, கிட தா".

ஆம்ப்ல கெயினை, அந்தக் கரகரப்பு ஏத்துற திருகை, முழுசா திருப்பியிருப்பான், எனக்குத் தெரியும். பாதிக்குக் கொண்டு வா, மிட்டை, அதாவது நடு ஒலியை, சுத்தமா எடுக்காதே. கெயின் அதிகமானா விடுபட்ட அடியெல்லாம் இரைச்சல்ல மறைஞ்சிடும், சரியா வாசிக்கிறோம்னு நம்பி இன்னும் இறுக்குவான். ஓவர்டிரைவ் பெடல் இருந்தா டிரைவைக் குறைச்சு, லெவலை ஏத்தி, ஆம்புக்கு முன்னால போடு. அடி பேஸ் குறைஞ்சு ஒவ்வொரு வீச்சும் தனியாக் கேக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் நின்னா, வீட்டு எர்த்தும் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லு.

மே மாசம் கிட்டாரோட இங்க அனுப்பு. கடல் காத்துல கம்பி சீக்கிரம் துரு ஏறும், ஒரு செட்டு கூட எடுத்துட்டு வரட்டும், பையில ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை. அதுக்கு முன்னாடி அவன் வாசிக்கிறதுல அரை நிமிஷம் ஃபோன்ல பதிவு பண்ணி அனுப்பு. ஆம்ப் போடாம, வெறும் கம்பிச் சத்தம் மட்டும். எங்க இறுக்குறான்னு அதுல எனக்குத் தெரிஞ்சிடும்.

உன்,
பாபு