மஞ்சள் பக்கம்

கும்பகோணம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மகனோடு வீடியோவில் பத்து நிமிஷம், மற்ற ஆறு நாளும் டிவியோடுதான் பேச்சு என்று எழுதியிருந்தாய். சரஸ்வதி போன பிறகு எனக்கும் அதே கதைதான். சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் பேசுவதுதான் அன்றைக்கு முதல் பேச்சாக இருக்கும்.

லீவுக்கு வந்த பேத்தி, லேப்டாப்பில் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தைக் காட்டிவிட்டுப் போனாள். 1949-இல் பாரதியிலிருந்து தொடங்கினார்களே, அந்த நாட்டுடைமைப் புத்தகங்கள் நிறைய அதில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படம், எதிரே கணினி தானே படித்துத் தந்த எழுத்து. அது படிக்கிற லட்சணத்துக்கு நம் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு எவ்வளவோ தேவலை. துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொள்ளும். 'காலம்' 'கரலம்' ஆகிவிடும். படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். முப்பது வருஷம் சிவப்பு மசியில் செய்த வேலை, மறந்தா போகும்?

தட்டச்சுதான் படுத்தியது. தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆகிறது! இருபது நாளில் கை பழகிவிட்டது.

நான் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறமாகும். அதைப் பச்சையாக்க எனக்கு உரிமை கிடையாது. இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் என் பக்கம் ஒன்று பச்சை. நான் விட்ட ஒற்றை யாரோ போட்டிருந்தார். தமிழ் வாத்தியாருக்கு ஒற்றுப்பிழை! அங்கே அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் நன்றி எழுதினேன். ஓய்வுபெற்ற தபால்காரராம். அன்றிலிருந்து, இங்கே வலி மிகுமா மிகாதா என்று தினமும் வழக்கு. முகம்கூடத் தெரியாது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீடு பழையபடிதான்.

அப்புறம், இதற்குக் காசு கிடையாது, போன் நம்பர்கூடக் கேட்பதில்லை. ஆகவே உன் ஓடிபி பயத்தைக் காரணம் காட்டாதே. என் மஞ்சள் பக்கங்கள் 43 காத்துக் கிடக்கின்றன, எல்லாம் சோழர் வரலாறு. சரித்திர வாத்தியார் கண்ணுக்குத்தான் வேலை. மகன் வாங்கித் தந்த லேப்டாப்பை உறையிலிருந்து எடு. சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்கிறேன், கண்ணாடியோடு உட்கார்ந்திரு.

அன்புடன்,
ராமு