சும்மா தைத்துக் கொடுத்தாலும்

திருப்பூர்,
2.11.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மிணி,

புதன்கிழமை ராத்திரி போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் காதுபடக் கம்பெனிக் கணக்கு பேசினால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. இன்றைக்கு லீவு, நான் மட்டும் நம் தையல் கம்பெனிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். டெலிவரி சலான் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், நாளைக்குப் போட்டோ எடுத்து அனுப்புவேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

"மூடிவிடுங்கள் அப்பா, கட்டடத்தை வாடகைக்கு விடுங்கள், பேங்க் தவணையை நாங்கள் கட்டிக்கொள்கிறோம்" என்று நீயும் மாப்பிள்ளையும் சொல்வது அக்கறையில்தான், தெரியும். ஆனால் வாடகைக்கு யார் வருவார்கள்? நம் தெருவிலேயே நான்கு குடோனில் "வாடகைக்கு விடப்படும்" என்று தட்டி தொங்குகிறது. ஒன்றில் போன் நம்பர் மழையில் அழிந்தே போய்விட்டது, யாரும் மாற்றி எழுதவில்லை. சரி, அது கிடக்கட்டும். நீ கேட்டது பெரிய கேள்வி, ஊரே என்ன ஆகும் என்று. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் உங்கள் அமெரிக்காக்காரர்கள் நம் சரக்குக்குப் போட்ட வரிக் கதை. ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், 27-ல் இன்னொரு 25. இது ஏற்கனவே இருந்த வரிக்கு மேலே. பருத்தி டீ-ஷர்ட்டுக்கு அங்கே முன்பே 16.5 சதவீதம் உண்டு. ஆக 66.5. இப்போது ஒரு டீ-ஷர்ட்டை 4 டாலருக்கு இங்கே கப்பல் ஏற்றுகிறோம் என்று வை. வரி மட்டும் 2 டாலர் 66 சென்ட். அதே டீ-ஷர்ட் பங்களாதேஷிலிருந்து போனால் 16.5-உம் 20-உம் சேர்ந்து 36.5 சதவீதம், 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட். இன்றைய ரேட்டில் 105 ரூபாய்க்கு மேல்.

அந்த டீ-ஷர்ட்டைத் தைக்க எனக்கு என்ன கூலி தெரியுமா? 14 ரூபாய். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மூன்று மெஷின் தையல், பிசிர் வெட்டுவது, செக்கிங் எல்லாம் அதற்குள்ளே. செப்டம்பரில் எனக்கு வேலை கொடுக்கிற எக்ஸ்போர்ட்டர் கூப்பிட்டு, "அண்ணா, வெளிநாட்டுல வாங்கற பையர் டிஸ்கவுண்ட் கேக்கறான், நீங்களும் கொஞ்சம் பாத்துச் செய்யோணும், 12 போட்டுக்கலாமா" என்றார். நான் வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்னால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 105 ரூபாய் பள்ளம். நான் சும்மா தைத்துக் கொடுத்தாலும் 14 ரூபாய்தான் தூரும். அப்புறம் எதற்கு என் 2 ரூபாய்? நான் ஒத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். அன்றைக்கு வேலை வேண்டியிருந்தது.

அவரையும் குறை சொல்ல முடியாது. பையர் அவரிடம் கேட்கிறான், அவர் சாயம் போடுகிற டையிங்காரரிடமும் துணி பின்னுகிற நிட்டிங்காரரிடமும் என்னிடமும் கேட்கிறார், நான் யாரிடம் கேட்பேன்? டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி அக்காவிடமா? இந்த ஊரில் எந்த வரியும் மேலே இருந்து கீழே இறங்கி வந்து, கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் நிற்கும்.

ஆகஸ்ட் மாதம் இங்கே நீ இருந்திருக்க வேண்டும். 27-ஆம் தேதிக்குள் கப்பல் ஏறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கத்தைத் தாண்டிவிட்டால் அந்த இரண்டாவது 25 கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் ஊரே இரண்டு ஷிப்ட். ராத்திரி ஒரு மணிக்கு அவிநாசி ரோட்டில் டீக்கடை நிறையக் கூட்டம். உன் அம்மா, "ஆர்டர் இல்லேன்னு அழுகறீங்க, வீட்டுக்கே வர மாட்டேங்கறீங்க" என்று சத்தம் போட்டாள். 27 தாண்டியதும் கரண்ட் போனது போல அமைதி. கிறிஸ்துமஸ் சரக்கு முன்பே போய்விட்டது. இப்போது வந்திருக்க வேண்டியது அடுத்த சம்மர் ஆர்டர். வழக்கமாகத் தீபாவளி பட்டாசுச் சத்தத்துக்கு நடுவிலேயே சாம்பிள் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வருஷம் சாம்பிள் டேபிளில் தூசி.

ஆள் திரும்பி வருவதும் குறைவு. தீபாவளிக்குப் போனஸ் கொடுத்து அனுப்பினேன். தெற்குச் சீமை ஆட்கள் வந்துவிட்டார்கள். பீகார் பையன்கள் சத் பூஜை, அப்புறம் 6-ஆம் தேதியும் 11-ஆம் தேதியும் ஓட்டு என்று அங்கேயே இருக்கிறார்கள். "வரட்டுமா அண்ணா" என்று ஒருவன் போன் செய்தான். முன்பெல்லாம் நாம்தான் அவர்களைக் கெஞ்சுவோம். "ஓட்டுப் போட்டுட்டு மெதுவா வா" என்று சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. 32 மெஷினில் 14தான் ஓடுகிறது, வரச் சொல்லி எதைக் கொடுப்பேன்?

ஆனால் அம்மிணி, ஊர் இதில் செத்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை. நான் கைமடி பையனாகச் சேர்ந்து இரண்டு வருஷத்தில், 1984-ல், பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்ட்ரைக். உன் தாத்தா ஒரு வேளைச் சோறுதான் என்று சொல்லிவிட்டார். 2005-ல், ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று இருந்த கோட்டா முறை போனபோது சைனாக்காரன் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவான் என்றார்கள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறை அத்தனையும் மூடியது உனக்கே ஞாபகம் இருக்கும், உன் ஸ்கூல் பீஸை இரண்டு தவணை தள்ளிக் கட்டினேன். அன்றைக்கு நானும் கோர்ட்டைத் திட்டினேன். ஆனால் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணியை விட்டு ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்து, அந்தப் பக்கத்து விவசாயி வயிற்றில் அடித்தது நாம்தானே? ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது என்று சொன்ன பிறகு தண்ணியைச் சுத்தம் செய்து திரும்ப எடுக்கக் கற்றுக்கொண்டோம். செலவு கூடியது. இன்றைக்கு வெளிநாட்டுப் பையர் வந்தால் முதலில் அந்த பிளாண்டைத்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டுகிறார்கள். பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, 2022-ல் நூல் விலை ஏறி ஊரே இரண்டு நாள் கடையடைத்தது, எல்லாம் அப்படித்தான் கடந்தது.

திருப்பூரில் இருந்து வருஷத்துக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. அதில் அமெரிக்கா மூன்றில் ஒரு பங்கு போல வரும். பெரிய அடிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மீதி இரண்டு பங்கு இருக்கிறதே. இங்கிலாந்தோடு ஜூலை 24-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, அது அமலுக்கு வந்தால் அங்கே டீ-ஷர்ட்டுக்கு இருக்கும் 12 சதவீத வரி போய்விடும். பங்களாதேஷ்காரனுக்கு அங்கே வரியே இல்லாமல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் நம்மால் நெருங்க முடியவில்லை. ஐரோப்பாவோடும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்நாட்டு வியாபாரத்தை யாரும் பேசுவதே இல்லை, ஆனால் மொத்த வியாபாரக் கடைகள் இருக்கிற காதர்பேட்டையில் தீபாவளிக்கு முந்தின வாரம் நடக்க இடமில்லை. கேரளாக்காரரும் வடக்கத்தியாரும் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். எக்ஸ்போர்ட் கேன்சல் ஆன சரக்கெல்லாம் அங்கேதான் வந்து விழுந்தது, விலை பாதாளத்தில். வாங்குகிறவனுக்குத் தீபாவளி.

எனக்குப் பயம் வேறு ஒன்றில். அதைத்தான் போனில் சொல்ல வரவில்லை.

இந்த ஊர் வளர்ந்தது எப்படி என்று நினைக்கிறாய்? கைமடித்தவன் டெய்லர் ஆனான், டெய்லர் கான்ட்ராக்ட் எடுத்தான், ஆறு மெஷினைக் கடனில் வாங்கி ஒரு ஓட்டு வில்லைக் கட்டடத்தில் பவர்டேபிள் என்கிற சின்னத் தையல் யூனிட் போட்டான். நானும் 1998-ல் அப்படித்தான். அந்த ஆறில் இரண்டு மெஷின் ஓட்டையுடைசல். ஊசி முறிந்தால் முறிந்த துண்டை எல்லாம் பொறுக்கி ஒட்டிக் கணக்குக் காட்டவேண்டும், நீ குழந்தையாக அந்த நோட்டில் கிறுக்கி வைத்திருந்தாய். அன்றைக்கு எனக்குத் தைரியம் கொடுத்தது என்ன? சரக்கு டெலிவரி கொடுத்தால் பதினைந்து நாளில் பணம் வரும். மிஞ்சிப்போனால் ஒரு மாதம். சனிக்கிழமை சம்பளத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம்.

இப்போது எனக்கு வரவேண்டிய பில் 11 லட்சம். பழையது 120 நாள் ஆகிறது. 45 நாளைக்குள் சிறு தொழில்காரனுக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்கமுடியாது என்று வருமான வரியில் சட்டமே இருக்கிறது, 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறை. நல்ல சட்டம். அது வந்த கொஞ்ச நாளில் ஒருவர் என்னிடம், "பில்லை இப்பப் போடாதீங்க, சலான் மட்டும் குடுங்க, நான் சொல்றப்பப் போட்டாப் போதும்" என்றார். பில்லே இல்லையென்றால் 45 நாளை யார் எண்ணப்போகிறார்கள்? புகார் கொடுக்கலாம். கொடுத்த அன்றோடு அவர் வேலை வராது, அவரிடம் கேள்விப்பட்ட மற்ற இரண்டு பேரிடமிருந்தும் வராது.

ஆனால் என் கம்பெனியில் சனிக்கிழமை நாலு மணிக்குப் பணம் எண்ணியாக வேண்டும். 45 நாள் கதையை பேட்லாக் டெய்லரிடம் சொல்லமுடியாது, அவர் வீட்டில் அரிசி அந்த வாரத்துக்கு. நேற்று அம்மாவின் இரண்டு வளையல் நகைக்கடன் ஆபீசுக்குப் போனது. அவளாகத்தான் கழற்றிக் கொடுத்தாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன், வெளியே தெரிந்து நீ கோபப்படுவதற்குப் பதில் நானே சொல்வது மேல்.

வாஷிங்டன்காரன் வரியை எப்போது வேண்டுமானாலும் எடுப்பான், அவனுக்கும் டீ-ஷர்ட் வேண்டுமே. அன்றைக்கு நூற்பு, நிட்டிங், டையிங், தையல் எல்லாம் ஒரே கேட்டுக்குள் வைத்திருக்கிறவர்கள் தயாராக நிற்பார்கள். அவர்களுக்கு ஆறு மாதம் தாங்கும் பலம் இருக்கிறது. ஆறு மெஷின், பத்து மெஷின் போட்டவனுக்கு ஆறு சனிக்கிழமை தாங்காது. நம் கம்பெனியில் ஒடிசாப் பையன் ஒருவன், வேலை படு சுத்தம். நாலு வருஷமாகப் பணம் சேர்த்துத் தனியாக டேபிள் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். போன மாதம் கேட்டேன். "வேண்டாம் அண்ணா, சம்பளமே போதும்" என்றான். முப்பது வருஷத்தில் ஒரு நல்ல டெய்லர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏற்றுமதி நம்பர் அடுத்த வருஷம் ஏறினால் பேப்பரில் போடுவார்கள். இது எந்தப் பேப்பரிலும் வராது.

சரி, நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்பாய். மூடவில்லை. எட்டு மெஷினை விற்கிறேன், நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஈரோட்டில் இருந்து ஒருவர் பார்க்க வருகிறார். நல்ல விலை வராது, ஊரே விற்கிறது. அதில் வளையலைத் திருப்பிவிட்டு, மீதியைத் தவணையில் போடுவேன். எக்ஸ்போர்ட் வேலை ஒரே ஒருவரிடம் மட்டும், பத்து வருஷமாகப் பணம் சொன்ன தேதிக்குத் தருகிறவர், கூலி ஒரு ரூபாய் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பாக்கி மெஷினில் காதர்பேட்டைக்குக் குழந்தைகள் உடுப்பு. லாபம் சொற்பம், ஆனால் வாராவாரம் காசு.

நீ பணம் அனுப்பவேண்டாம். அனுப்பினால் சம்பளத்துக்குத்தான் போகும், அடுத்த சனிக்கிழமை மறுபடி வரும். ஓட்டைப் பானையில் தண்ணி ஊற்றுவதற்கு உன் சம்பளம் எதற்கு?

இன்னொன்று யோசித்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாம் தலைமுறையாகப் பருத்தியையே கட்டிக்கொண்டு அழுகிறோம். உலகத்தில் ஜிம்முக்குப் போகிறவன், ஓடுகிறவன் எல்லாம் பாலியஸ்டர் போடுகிறான். செப்டம்பர் 22-ல் இருந்து செயற்கை நூலுக்கு ஜிஎஸ்டி 12-ல் இருந்து 5 ஆக இறங்கிவிட்டது. இங்கேயும் நாலைந்து பேர் அந்தத் துணி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் அது பருத்தி மாதிரி சொன்ன பேச்சுக் கேட்காது, மெஷினுக்கு அடியில் வழுக்கிக்கொண்டே போகும், தையல் இழுத்துச் சுருங்கும். சாம்பிளுக்கு ஐம்பது பீஸ் வாங்கி நானே உட்கார்ந்து தைத்தேன். இருபது பீஸ் டேமேஜ். செக்கிங் அக்கா பார்த்துச் சிரித்தார், "ஓனரே டேமேஜ் அடிச்சா யாரு கேக்கறது" என்று.

அதனால் ஒரு உதவி. டிசம்பரில் நீங்கள் வரும்போது அங்கே நல்ல கடையில் ஓட்டக்காரர்கள் போடுகிற டீ-ஷர்ட் ஒன்று வாங்கி வா. அக்குளிலும் பக்கத்திலும் தையல் மேலே எழும்பாமல் தட்டையாகப் படிந்திருக்கும் பாரு, அந்த மாதிரி. விலை பார்க்காதே, கழுத்து லேபிளை வெட்டிவிடாதே. சைஸ், கலர் எதுவாக இருந்தாலும் சரி. வந்த அன்றைக்கே அதைப் பிரித்துவிடுவேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா